டாக்டர் படிக்கிறார்

மாப்பிள்ளை ஊர்வலம் ஆரம்ப சுகாதார நிலையத்தை நெருங்கியதும் மேளம் சட்டென்று நின்றது. மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடை நடந்து கட்டடத்தைக் கடந்தார்கள். புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் தவில்காரர் மறுபடியும் கோலை எடுத்தார்.

ஜன்னல் வழியே இதைப் பார்த்த டாக்டர் பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தலையணை கனத்துக்கு இருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அவர் கல்வராயன் மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மலையில் வேலை பார்த்தால் எம்.டி. மேற்படிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதற்காகத்தான் திருக்கோவிலூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஏறினார். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தடவையும் போனால் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது.

மனிதர் படித்ததை வீணாக்க மாட்டார். காலையில் படித்த பாடத்தைப் பத்து மணிக்கெல்லாம் நோயாளி மேல் போட்டுப் பார்த்துவிடுவார். காலில் முள் குத்தி வந்த பிச்சைமுத்துவை நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணில் டார்ச் அடித்து, முட்டியில் சுத்தியலால் தட்டி, மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டு எழுதிக்கொண்டார். "எதுக்கும் சேலம் போய் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். முள் காலிலேயே இருந்தது.

பரீட்சை விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்து, ஊராட்சித் தலைவி தைலம்மாளே நேரில் வந்துவிட்டார்.

"பரிச்சைக்குப் படிச்சிக்கினு இருக்கீங்களாமே சார்? பாஸாயிட்டா இன்னா ஆவும்?"

"மூணு வருஷம் சென்னையில படிக்கணும்மா. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில போடுவாங்க. இங்க வேற டாக்டர் வருவாரு."

தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீங்க படிங்க சார். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அன்றிலிருந்து ஊரே கூடித் தேர் இழுத்தது. கோவில் ஒலிபெருக்கி காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. மத்தியானம் ஒரு வீட்டிலிருந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. மூளைக்கு நல்லது என்று இன்னொரு வீட்டிலிருந்து மலைத்தேன் வந்தது. குரைக்கிற நாய்களை யாரோ பிடித்துப்போய் அடுத்த ஊரில் கட்டிவிட்டு வந்தார்கள்.

நோயாளிகள்கூட அவரைத் தொந்தரவு செய்வதில்லை. பின்பக்கக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் வந்து, நர்ஸ் நூர்ஜகானிடம் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் பச்சையம்மாளின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மனசு கேட்காமல் பொன்னுரங்கம் ஸ்டெதஸ்கோப்பும் சுத்தியலுமாக எழுந்து வந்தார்.

"ஐயோ, வேணாம் சார்!" என்று பச்சையம்மாள் குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வெறும் சளிதான். சிஸ்டரே பாத்துடுவாங்க. நீங்க போயி படிங்க."

"என்ன மனசு பாருங்க இந்த ஜனங்களுக்கு!" என்றார் டாக்டர், நர்ஸிடம். நூர்ஜகான் குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

ஊரார் உழைப்பு வீண் போகவில்லை. பொன்னுரங்கம் தேறிவிட்டார். சென்னையில் எம்.டி. சீட், திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும் என்று உத்தரவும் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டார்கள். ஆளுயர மாலை, பத்தாயிரம் வாலா, கிடா விருந்து. அவருடைய பெட்டி படுக்கையைக்கூட அவருக்குச் சிரமம் வைக்காமல் முதல் நாளே யாரோ ஜீப்பில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தார். ஒரு தடவை கனைத்துக்கொண்டார்.

"நான் மார்க்குக்காக இந்த மலைக்கு வந்தவன். உங்ககிட்ட பொய் சொல்ல விரும்பல. ஆனா நீங்க என்னைப் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க. இப்படி ஒரு அன்பை விட்டுட்டு நான் எந்தப் பட்டணத்துக்குப் போவேன்?"

கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கு எம்.டி. வேணாம். ரிட்டையர் ஆகுற வரைக்கும் உங்களுக்கு நான்தான் டாக்டர்!"

சொன்ன கையோடு உத்தரவுத் தாளை எட்டாகக் கிழித்துக் காற்றில் விட்டார். கைதட்டலுக்காகக் காத்திருந்தார். திடலில் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும்.

முன்வரிசையில் இருந்த தைலம்மாள் மட்டும் தள்ளாடி எழுந்து வந்தார். தரையில் அப்படியே உட்கார்ந்து, சிதறிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

அந்தப் பாசத்தைப் பார்த்து டாக்டருக்குத் தாங்கவில்லை. மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. அதான் நான் போகலையே!"

"அதுக்குத்தான் சார் அழுவறேன்!"