இடது தொடையில் கறை

"பதினோரு நாள்டா! பதினோரு நாளா இந்த பேன்ட் கடையில வாங்கின மாதிரி சுத்தமா வந்துச்சு. இன்னிக்கு மட்டும் கறை. அதுவும் எங்கே பாரு, இடது தொடையில!"

யசுயோ பேன்ட்டைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நொபுயா ஓர் அடி பின்வாங்கினான். குளியலறையில் அவள் கணவர் தமோத்சு தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இடது தொடையில இருந்தா என்னக்கா?"

"உங்க மாமா வலது கைக்காரர்."

தமோத்சு கட்டடங்களுக்குச் சிலிக்கான் பூசுகிறவர். ஒசாகாவின் உயரமான கட்டடங்களில், ஜன்னல் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்குகளை அடைக்கிற வேலை. ஓர் இடுக்கை முடித்து விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும், பசையைப் பிதுக்குகிற சிலிக்கான் கன்னின் மூக்கிலிருந்து கொஞ்சம் வழியும். அதை வலது தொடையில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு அடுத்த இடுக்குக்குப் போவார். இருபது வருடப் பழக்கம். துவைத்தால் போகாது. காய்ந்த பிறகு யசுயோதான் நகத்தால் உரித்து எடுப்பாள். உரித்து உரித்து அவளுக்கே அது பிடித்துப் போயிருந்தது.

"சைட்டுக்குப் போன் பண்ணிப் பார்த்தியா?"

"பண்ணினேன். 'தமோத்சுவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா'ன்னு மேஸ்திரி போனை வெச்சுட்டார். இவரும் அரை மணி முன்னாடியே வந்துடறார். கேட்டா, வேலை சீக்கிரம் முடிஞ்சுதுங்கறார்."

நொபுயா உதட்டைப் பிதுக்கினான். "எங்க தெருவுல ஒருத்தர், வேலை போனதை வீட்டுல சொல்லாம, தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி நூலகத்துல போய் உட்கார்ந்திருந்தார். அரை வருஷம்!"

"வாயை மூடுடா."

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அதனால்தான் ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் திங்கட்கிழமை முதல் வருவதாகச் சொல்லி வைத்திருந்தாள். விடியற்காலையில் அரிசி கழுவுகிற வேலை. வேலை போனால் சேர்ந்து சமாளித்துவிடலாம். ஆனால் இத்தனை வருடம் கழித்து அவளிடமே நடிக்கிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை.

கழுத்தில் துண்டோடு வந்த தமோத்சு, நொபுயாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீ எப்போ வந்தே?"

"இப்பதான், மாமா. வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது."

"இப்போ எந்தக் கட்டடம்?"

"ஏதோ ஒரு கட்டடம்." அவர் பீர் பாட்டிலைத் திறப்பதில் மும்முரமானார். "உன் கம்பெனி எப்படி?"

"எங்களுக்கென்ன, ட்ரில்லு, சுத்தியல், சிலிக்கான் கன்னுன்னு தயாரிப்பு ஓடிட்டிருக்கு."

தமோத்சு அவசரமாக பீரை ஊற்றிக்கொண்டார்.

மேசையில் சூடான தட்டின் மேல் முட்டைக்கோஸ் போட்ட ஒகோனொமியாகி அடை பொரிந்துகொண்டிருந்தது. யசுயோ அதைத் திருப்பிப் போட்டு சாஸ் ஊற்றினாள். புட்டியை நிமிர்த்திய பிறகும் அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. தமோத்சு அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"சிரிப்பு வேற வருதா உங்களுக்கு?"

"சும்மாதான்."

நொபுயா தொண்டையைச் செருமினான். "மாமா, நேராவே சொல்றேன். எங்க கம்பெனி கிடங்குல ஆள் எடுக்கறாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"உங்க கம்பெனியிலயா?" தமோத்சுவுக்குப் புரையேறியது. "ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

"எதுக்கு அலறறீங்க? அங்கே என்ன பேயா இருக்கு?"

"வேண்டாம்னா விடேன்பா."

நொபுயா அக்காவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, சிகரெட்டோடு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான்.

யசுயோ பேன்ட்டைக் கொண்டுவந்து கணவரின் மடியில் போட்டாள்.

"பொய்யைக்கூட உங்களுக்கு ஒழுங்கா சொல்ல வரல. வலது கையால இடது தொடையில யார் துடைப்பாங்க? வேலை போனா போகட்டும். நான் கடையில சேரப் போறேன். நீங்க நூலகத்துல எல்லாம் உட்கார வேண்டாம், வீட்டுலயே இருங்க."

"நூலகமா? எந்த நூலகம்?" தமோத்சு விழித்தார். "வேலை போயிடுச்சுன்னா நினைச்சே? இத்தனை நாளாவா?"

பால்கனியில் நொபுயாவின் முதுகு தெரிந்தது. தமோத்சு அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதே. புதுசா ஒரு மோட்டார் கன் எங்க சைட்டுல சோதனைக்கு வந்திருக்கு. விரலை எடுத்தா போதும், எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்குன்னு பார்த்து, பசையைத் தள்ளுற தண்டை அதுவே பின்னால இழுத்துக்குது. ஒரு சொட்டு வீணாகல. துடைக்க ஒண்ணுமே இல்லை. செஞ்சது உன் தம்பி கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனி. கடைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு மேஸ்திரிக்கும் எனக்கும் கட்டளை. அதுவும் உன் தம்பி வந்து போற வீடு!"

யசுயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்போ இந்தக் கறை?"

"நீ பேன்ட்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்க்கறதை நேத்து பார்த்தேன். ஒரு சொட்டு பூசிக்கிட்டா சந்தேகம் வராதேன்னு அந்த கன்னை உலுக்கினேன், தட்டினேன், தலைகீழாப் பிடிச்சேன். விழல. விசையை அழுத்திப் பசையை எடுத்தா, எவ்வளவு போச்சுன்னு அந்த கன்னே கணக்குல ஏத்திக்கும். கடைசியில பழைய கன் வெச்சிருந்த ஒருத்தன்கிட்ட கெஞ்சினேன். எதிரே நின்னு பூசி விட்டான். அவனும் வலது கைக்காரன்."