சுவரில் இருந்த அணி

"இந்தக் கிழட்டு டீமை எடுத்துட்டு, இப்ப ஆடுற டீமை ஒட்டிக்கட்டுமா?" என்று கேட்டார் புதிதாகச் சேர்ந்த டெய்லர். அவருக்குக் கொடுத்த மெஷினுக்கு மேலே, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கூடைப்பந்து அணியின் படம் ஒட்டியிருந்தது.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் கட்டிங் மாஸ்டர், கத்தரியை நிறுத்தாமல். "அஞ்சு பேரும் ஸ்டாருங்க. உங்க ஆளுங்க எதிர்ல வந்தா இருபது பாயிண்ட்ல தோப்பாங்க."

"எங்க ஆளுங்க தூரத்துல நின்னே மூணு மூணு பாயிண்டா போட்டுத் தள்ளிடுவாங்க, மாஸ்டர்!"

"அந்தக் காலத்துல அந்த மூணு பாயிண்ட் கோடே கிடையாது. எங்கிருந்து போட்டாலும் ரெண்டுதான். அதுவும் இடி வாங்கிட்டு எழுந்து நின்னாத்தான்."

டெய்லர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த முதலாளியம்மா நிமிர்ந்தார்.

"என்ன மாஸ்டர், கட்சி மாறிட்டீங்க? அந்த மெஷின்ல இருந்தவர் உயிரோட இருந்த வரைக்கும், 'இந்தக் கிழவனுங்க படத்தைக் கிழிச்சுப் போடுடா'ன்னு தினமும் அவர்கிட்ட கத்தினது நீங்கதானே?"

"ஆமாம்மா, கத்தினேன்."

மாஸ்டர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"அப்ப மறுத்துப் பேச அவன் இருந்தான்."