காகம் உட்காரும் இடம்

மிருகக்காட்சிசாலையில் பாறு கழுகின் கூண்டுக்கு ஒரு பலகை இருந்தது: பருந்துக் குடும்பம்; வாழிடம் – ஆற்றோர மருத மரங்கள்; நிலை – அழிவின் விளிம்பு. கம்பிக்கு வெளியே தினமும் வந்து உட்காரும் நொண்டிக் காகத்துக்குப் பலகை எதுவும் கிடையாது. கழுகின் துணை செத்த பிறகு, அந்தக் காகம் எதிரே இருந்தால்தான் கழுகு இறைச்சியைத் தொடும். சில நாளாகக் காகத்தைக் காணவில்லை.

“இன்னிக்கும் திங்கலைன்னா தேறாதும்மா” என்றார் டாக்டர்.

தீனி வைக்கும் ஞானசுந்தரி “கா... கா...” என்று கூப்பிட்டாள். வேறு காகங்கள் வந்தன. கழுகு தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் நொண்டிக் காகத்தின் இடத்தில் உட்கார்ந்து, தன் சோற்று டப்பாவைத் திறந்தாள்.

“நான் சாப்பிடுறேன், நீயும் வா சாமி.”

அவள் மென்று விழுங்கும்வரை பார்த்திருந்த கழுகு, கிளையைவிட்டு இறங்கியது. எதிரே யாராவது இருக்க அவளும் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.