மஞ்சப்பையில் விட்டுப்போன பேர்

"அண்ணே, எம் பேரு எங்க?"

வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சப்பைகளில் ஒன்றை உருவிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தான் செல்லக்கண்ணு.

கொளஞ்சி நிமிரவே இல்லை. முழங்கை வரைக்கும் பச்சை மை. "எந்தப் பேருப்பா?"

"எந்தப் பேரா? படம் என்னோடது, அச்சு உங்களோடது, ரெண்டு பேரு பேரும் பையில வரணும்னுதானே பேச்சு? இங்க பாருங்க. 'அச்சு: கொளஞ்சி ஸ்கிரீன் பிரிண்டிங், பெரம்பலூர்'. கொட்டை எழுத்துல இருக்கு. 'ஓவியம்: செல்லக்கண்ணு, குரும்பலூர்' எங்க போச்சு?"

"ஸ்கிரீன்ல மையி அடைச்சுக்கிச்சு போல."

செல்லக்கண்ணு சுவரோரம் சாத்தியிருந்த எழுத்து ஸ்கிரீன் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். எல்லா எழுத்தும் பளிச்சென்று இருந்தது. அவன் பேருக்கு மேல் மட்டும் நீட்டாக ஒரு டேப் ஒட்டியிருந்தது.

"மையி அடைச்சுக்கிச்சா, நீயா அடைச்சியா?" அத்தோடு மரியாதை பறந்துவிட்டது. "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேண்ணே!"

அவன் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது, பாவம். சுவரிலும் லாரியிலும் எழுதிப் பிழைக்கிறவன். வேப்பந்தட்டை அரியமுத்துவின் சின்ன மகள் பூமாலையைப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தான். அவர் இவன் பேரைக் கேட்டிருக்கிறாரே தவிர ஆளைப் பார்த்ததில்லை. "சுவத்துல கிறுக்குறவனுக்கா பொண்ணு? சரி சரி, பெரியவ கல்யாணம் முடியட்டும், வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பெரியவள் கல்யாணத்துக்கான தாம்பூலப் பைதான் இது. ஊரெல்லாம் குத்துவிளக்கு போட்டு அடிக்கும்போது, "நம்ம பையில பொண்ணு மாப்ளையே நிக்கட்டும்" என்று ஆசைப்பட்டதும் அரியமுத்துதான். பையோடு தன் பேரும் வேப்பந்தட்டையில் வீடு வீடாகப் போகும், மாமனார் மனசு இளகும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தான் செல்லக்கண்ணு.

சத்தம் கேட்டு எதிர் டீக்கடைத் தங்கராசு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"தப்புதான் கொளஞ்சி. படம் போட்டவன் பேரை மறைச்சுட்டு உன் பேரை மட்டும் போட்டுக்கறது நல்லாவா இருக்கு? வரைஞ்சு பொழைக்கிறவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத."

கொளஞ்சி பாட்டுக்குக் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அது தங்கராசுவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேப்பந்தட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வேகவேகமாக வந்தார் அரியமுத்து. காலையில் எடுத்துப்போன பைக்கட்டைத் தொப்பென்று வாசலில் போட்டார்.

"எவன்யா இந்தப் படத்தைப் போட்டது?"

குரல் தெரிந்த குரல் இல்லை, ஆனால் விழுந்த பைக்கட்டை ஓரக்கண்ணால் பார்த்ததும் வந்தது யாரென்று செல்லக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு திரும்பினான்.

அதற்குள் கொளஞ்சி ஓர் ஈரப்பையை அவன் தலையோடு கவிழ்த்து, "டேய், இதைக் கொண்டுபோய் உள்ள காயப் போடு" என்று தட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

"நாந்தாங்க போட்டேன். என்னங்க ஆச்சு?"

"எம் பொண்ணு பக்கத்துல நிக்கிறானே, யாருய்யா இவன்? எங்க மாப்ளைக்கு மீசையே கெடையாது. மழமழன்னு இருப்பாரு. இவன் என்னடான்னா ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டுக்கிட்டு, எம் பொண்ணைப் பாத்து இளிச்சுக்கிட்டு நிக்கிறான்! மாப்ள வூட்டுக்காரங்க பையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, 'ஏங்க, இதுக்கு முந்தி பொண்ணுக்கு வேற எங்கயாச்சும் பேசியிருந்தீங்களா'ன்னு கேக்குறாங்கய்யா! எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

தங்கராசு பையைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தப்புதாங்க. எனக்கு வரையத் தெரியாதுங்க. ஏதோ கை போன போக்குல..."

"திருட்டு முழியும் அவனும்! இப்படி ஒருத்தன் மட்டும் நேர்ல எங்கையில ஆப்புட்டான்னு வையி..."

தட்டிக்குப் பின்னால் மை டப்பா உருண்டது.

"பூனைங்க" என்றார் கொளஞ்சி.

"பேரை மட்டும் கொட்டை எழுத்துல போட்டுக்கத் தெரியுது, ஒரு மூஞ்சி போடத் தெரியல! நாளைக்குள்ள குத்துவிளக்கு போட்டு வேற பை வந்தாகணும், சொல்லிட்டேன்."

"அடிச்சு நானே கொண்டாந்து தர்றேங்க."

அரியமுத்து திட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போன பிறகுதான் செல்லக்கண்ணு வெளியே வந்தான். நெற்றியெல்லாம் பச்சை.

"மாப்ளைக்கு மாடலா வேற ஆளு கெடைக்கலண்ணே. கண்ணாடியைப் பாத்து வரைஞ்சேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுது?"

"செவப்புல படத்தை மட்டும் அடிச்சுக் கொடியில போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, கொடி முழுக்க நீ நிக்கிற! பதிஞ்ச மூஞ்சியை நான் என்ன பண்ண? பச்சையில எழுத்து அடிக்கறது பாக்கி இருந்துச்சு. அவருக்கு உன் பேருதானே தெரியும், அதை மறைச்சுட்டா நீ தப்பிச்சுக்குவேன்னு நெனச்சேன். அவரு மாப்ளைக்கு மீசை இல்லாதது எனக்கு என்னப்பா தெரியும்?"

தங்கராசு கேட்காமலே டீ எடுக்கப் போனார். செல்லக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, உங்களைப் போயி... கால்ல விழறேண்ணே."

"கால்ல அப்பறம் விழலாம். பொண்ணு பாக்கப் போறதுக்குள்ள பக்கத்து சலூனுக்குப் போ. பேரை நான் எடுத்துட்டேன், மீசையை நீ எடுத்துட்டு வா."