பீஸ் கட்டை

"வசந்தாக்கா, உண்மையைச் சொல்லுங்க. மோட்டார் போட்டுட்டீங்கதானே?"

வசந்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பெனிஷாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவள் செய்வது, பூமிக்கடியில் இருக்கும் சூட்டைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கிற ஆய்வு. அதற்குக் கிணற்றுத் தண்ணீர் மூன்று நாளாவது ஆடாமல் கிடக்க வேண்டும். மோட்டார் போட்டால் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலந்துவிடும். கடலோரத்தில் பத்து ஆழ்துளைக் கிணறுகள் அப்படித்தான் வீணாயின. மிச்சம், வீராம்பட்டினத்தில் வசந்தா வீட்டின் இந்த ஒன்றுதான். நாளைக்குச் சூட்டை அளக்கும் கருவி கடலூருக்குப் போய்விடும். இதுவும் தவறினால் புதுச்சேரிக் கரை கணக்கிலேயே வராது.

தப்பு பெனிஷா மேல்தான். மூன்றாம் நாள் வருகிறேன் என்று போனவள், கருவியின் கேபிள் அறுந்துபோய், ஏழாம் நாள் வந்திருக்கிறாள். இங்கே வசந்தாவின் மகள் கவிநிலாவுக்கு நாளைக்குக் கல்யாணம். வாசலில் பந்தல், வீடு நிறைய உறவு, வரிசையாகத் தண்ணீர் தளும்பும் டிரம்கள்.

"அந்தச் சூட்டுல மழைக்காலத்துலகூட கருவாடு காய வைக்கலாம்னு நீ சொன்னதுலேருந்து இவளுக்குப் புத்தி பூரா கெணத்துலதாம்மா. ஆனா முப்பது பேரு வந்திருக்காங்க, குளிக்காமலா இருப்பாங்க?" என்றார் வசந்தாவின் கணவர் கண்ணையன்.

"யோவ், நீ சும்மா இரு. எறக்கிப் பாரும்மா."

பெனிஷா கருவியை இறக்கினாள். பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, காத்திருந்து, எழுதினாள். சூடு கோடு போட்டதுபோல் சீராக ஏறியது. தன்மேலேயே நம்பிக்கையில்லாமல் மறுபடியும் இறக்கினாள். அதே எண்கள்.

"அக்கா, தண்ணி அசையவே இல்ல! அப்போ டிரம்ல இருக்கறது?"

"தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன எறக்கிட்டு வர்ற போட்டுங்கள்ல கேன் கேனா ஏத்தியாந்தது. இந்த மனுஷன் தோளப் பாரு, வீங்கிக் கெடக்கு."

வசந்தா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மோட்டாரின் பீஸ் கட்டை.

"நீ போன அன்னைக்கே புடுங்கி முடிஞ்சிக்கிட்டேன். எவனாவது போட்டுத் தொலைப்பான்னு."

"ஏழு நாளாவா? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா!"

"பண்ணா? 'கல்யாண வீடு, பரவால்ல, மோட்டாரப் போட்டுக்கங்க'ன்னு சொல்லியிருப்பியே!"