மேற்கு மதிலோரப் புல்

புல் வெட்டும் மெஷினின் சைலன்சரைத் தொட்ட ஔதக்குட்டி விரலை உதறினார். சுட்டுவிட்டது. காலையிலிருந்து அவர் ஊரிலேயே இல்லை. பிறகு யார் இதை ஓட்டியது?

ஔதக்குட்டி மாதா கோயிலின் கப்பியார். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, புல் வெட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். போன வருஷம் மாற்றலாகி வந்த பங்குச் சாமியாரான அச்சன் வியாழக்கிழமைதோறும் அவரைக் கன்னியர் மடத்துக்குப் பூசை அப்பம் வாங்க அனுப்புவார். போய்த் திரும்பினால் மெஷினில் பெட்ரோல் குறைந்திருக்கும். இது நாலாவது வாரம்.

"ஔதே, மெஷினை வெளியே வாடகைக்கு விடுறே, அப்படித்தானே?"

பின்னால் போத்தன் நின்றிருந்தார். கோயில் சொத்துக்கெல்லாம் பொறுப்பான கைக்காரர்.

"மாதா மேல ஆணையா இல்லை, போத்தன் சேட்டா."

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கோயில் கமிட்டி. அதுக்குள்ள கள்ளனைக் காட்டு. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

கப்பியார் குடியிருப்பது கோயில் கொடுத்த ஓட்டு வீடு. வேலை போனால் கூரையும் போகும். விஷயத்தைக் கேட்ட மனைவி ஏலி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள்.

ஔதக்குட்டியின் சந்தேகமெல்லாம் முக்கில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வர்க்கி மேல். மறுநாளே மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வர்க்கி கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் உறுமியது.

"கப்பியாரே பொய் சொன்னா நாங்கெல்லாம் எங்க போறது, சேட்டா?" என்றபடி அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். "அடேயப்பா! ஃபில்டரைச் சோப்புத் தண்ணியில அலசிக் காயவச்சிருக்கு. பிளக்கில கரியே இல்லை. கியர்ல புது கிரீஸ். பெட்ரோல்ல ஆயில்கூட அளந்து கலந்திருக்கு. நீங்க கை போன போக்குல ஊத்துற ஆளாச்சே! இதைத் திருடி ஓட்டுறவன் உங்களைவிட நல்லவன்."

"அந்த நல்லவன் நீதானோன்னு பார்த்தேன்."

"எங்கிட்ட நாலு மெஷின் கிடக்கு. உங்க கிழட்டு மெஷின் எனக்கு எதுக்கு?" வர்க்கி புல்லை அறுக்கும் நைலான் நரம்பின் முனையை வெளிச்சத்தில் பிடித்தான். "இதைப் பாருங்க, கல்லுல அடிச்சு நார்நாராக் கிழிஞ்சிருக்கு. ரப்பர் தோட்டத்துல ஓட்டினா இப்படி ஆகாது. கல்லு நட்ட இடமாப் போய்த் தேடுங்க."

கல் நட்ட இடம் என்றால் கல்லறைத் தோட்டம்தான். போய்ப் பார்த்தார். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரட்டும் என்று அவர் விட்டுவைத்த புல் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. மேற்கு மதிலுக்கு வெளியே இருந்த தெம்மாடிக்குழி மட்டும் சவரம் செய்ததுபோல் சுத்தமாக இருந்தது.

ஔதக்குட்டி சிலுவை வரைந்துகொண்டார். தற்கொலை செய்துகொண்டவர்களை மணியடிக்காமல், சிலுவை நடாமல், ஆளுக்கொரு கருங்கல்லை மட்டும் வைத்துப் புதைத்த இடம் அது. கடைசியாக அங்கே போனவள் கிணற்றில் குதித்த மறியக்குட்டி. அதுவும் நாற்பது வருஷத்துக்கு முன்பு. அவள் கைக்குழந்தையை உறவுக்காரர்கள் மலபாருக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"யாரும் வரமாட்டாங்கன்னுதான் வர்க்கி அங்க இடம் பிடிக்கிறான்" என்றார் விஷயத்தைக் கேட்ட போத்தன். "சாராயம் காய்ச்சப் போறான், பாத்துக்கோ. கிழட்டு மெஷின்னு அவன் சொன்னதெல்லாம் நடிப்பு."

அடுத்த வியாழக்கிழமை ஔதக்குட்டி பையோடு பஸ் ஏறினார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் புகுந்து திரும்பி வந்தார். மதிலோரம் போத்தன் கம்போடு காத்திருந்தார்.

மழை விட்ட நாளில் நாலு பக்கமும் மெஷின் சத்தம்தான். எது யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒன்று மட்டும் பக்கத்திலேயே கேட்டது. எட்டிப் பார்த்தார்கள்.

தொப்பி, முகத்தை மறைக்கும் வலை, மடித்துக் கட்டிய கைலி, முழங்கால் வரை பூட்ஸ். அந்த ஆள் ஒரு கருங்கல்லைச் சுற்றிப் பொறுமையாகப் புல்லைச் சீவிக்கொண்டிருந்தான். பிறகு மெஷினை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, கல்லோடு ஒட்டிய புல்லைக் கையால் பிடுங்க உட்கார்ந்தான்.

ஔதக்குட்டிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஏலியின் அழுகை, வீடு, கமிட்டி எல்லாம் கண்முன் வந்தன. மதிலைத் தாண்டிக் குதித்தார்.

"டேய் கள்ளா! என் சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடா! இந்தச் சபிச்ச குழியில உனக்கென்னடா வேலை? உன் அம்மாவா இங்க கிடக்கிறா?"

அந்த ஆள் எழுந்து முகத்து வலையைத் தூக்கினார். போத்தனின் கையிலிருந்த கம்பு கீழே விழுந்தது. காலையில் அவர்கள் இருவர் நாவிலும் அப்பம் வைத்த அச்சன் அங்கே நின்றிருந்தார்.

"ஆமா, ஔதச்சேட்டா."