அரைச் சாண்

பாய்லர் வெடித்து எங்கள் பிள்ளைகள் செத்த பிறகு எங்களுக்கும் ஒரு சங்கம் உண்டானது. ஆலை முதலாளிகளுக்கோ அதற்கு முன்பிருந்தே ஒரு சங்கம் இருந்தது. அவர்களுடைய சங்கத் தலைவர், எங்களைப் பார்க்க வந்த அமைச்சரின் காரிலேயே வந்தார். வெயிலில் நின்ற எங்களுக்காகக் கண்ணாடி அரைச் சாண் இறங்கியது, அதுவும் தலைவர் உட்கார்ந்திருந்த பக்கம். அவ்வளவுதான் எங்களுக்குத் திறந்த அரசாங்கம்.

“வெரசாச் சொல்லும்மா, ஏசி போகுதுல்ல,” என்றார் முன்சீட்டில் இருந்த உதவியாளர்.

உள்ளே தலைவர் ஆரஞ்சு உரித்துக் கொடுக்க, அமைச்சர் தின்றுகொண்டிருந்தார். அந்த இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னேன்: “ஐயா, எம்மக பூமயிலக் கொன்ன அதே பாய்லர ஒட்டுப்போட்டு வச்சிருக்காங்க. திங்கக்கிழம பத்தவைக்கப் போறாங்களாம். மிச்சப் பிள்ளைகளும் அங்கதான் வேலைக்குப் போகணும். நிறுத்தச் சொல்லுங்கய்யா.”

அமைச்சர் கொட்டையைத் துப்பிவிட்டுத் தலைவரிடம் கேட்டார்: “என்னய்யா சொல்லுது அந்தம்மா?”

தலைவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க நேர்ல வந்ததுக்கு நன்றி சொல்லுதுண்ணே.”

அமைச்சர் என்னைக் கும்பிட்டார். நன்கு பழகிய கும்பிடு. கண்ணாடி ஏறத் தொடங்கியது. நான் உள்ளே கையை விட்டு அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“கைய எடும்மா,” என்று உதவியாளர் பதறினார். “கண்ணாடி ஒடஞ்சிரும்.”